இருபத்திரண்டு பூச்சுக் கறுப்பு

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன், வரைகிறவன் இல்லை. போன வருடம் ஒரு கால்மணி நேரம் இதை மறந்து போனேன். அந்தக் கால்மணி நேரத்துக்காக என் அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

எங்கள் நகரத்தில் வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஓவியக் கண்காட்சி நடக்கும். யார் வேண்டுமானாலும் படம் கொடுக்கலாம். மூன்று நடுவர்கள் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் சுவருக்குப் போகும். முன்பெல்லாம் படத்தையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவர்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் ஒவ்வொரு படமாக எடுத்து வந்து காட்டுவார்கள். கை தூக்கினால் உள்ளே, தூக்காவிட்டால் வெளியே. நாலு வருடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் ஆன்லைன் ஆக்கிவிட்டார்கள். இப்போது போட்டோ போதும்.

போதும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் போட்டோவை எடுக்கிற தலைவலி யாருக்கு வந்தது? எனக்கு. என் கடையின் பின்னறையில் ஒரு கேமராவும் இரண்டு விளக்கும் ஒரு கம்ப்யூட்டரும் இருப்பது ஊரில் உள்ள அத்தனை ஓவியர்களுக்கும் தெரியும். விண்ணப்பத்துக்குக் கடைசி வாரம் வந்தால் என் கடைக்குள் மரம் அறுக்க இடம் இருக்காது. கழுத்தளவு உயரச் சிலையை வேனில் ஏற்றிக்கொண்டு ஒருவர் வருவார், நாலு பக்கமும் படம் எடுக்க. மேகங்களை மட்டுமே வரைகிற ஒரு நீர்வண்ணக்காரர் இருக்கிறார், அவரை நாங்கள் மேகம் என்றே கூப்பிடுவோம். அவர் தன் படத்தைத் தானே போனில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வலது மூலையில் அவருடைய கட்டைவிரல்.

"இது தெரியுமா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

"நல்லாவே தெரியும் சார்."

"மேகத்துக்குள்ள மலை மாதிரி இருக்கேன்னு விட்டுட்டேன்."

இப்படிப்பட்ட வாரத்தின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அக்கா வந்தாள். மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும்.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடமாக வரைகிறாள், ஒட்டுப்பலகையில், எண்ணெய் வண்ணத்தில். எல்லாமே கறுப்பு. கறுப்பு என்று நாம்தான் சொல்கிறோம். அவளிடம் கறுப்பு வண்ண டியூப் ஒன்றுகூடக் கிடையாது. கருநீலம், கரும்பச்சை, மரப்பட்டைப் பழுப்பு, இவற்றைத் தண்ணீர் போல இளக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிப் பூசிக் கொண்டுவருகிற இருட்டு அது. பழைய முறை இருந்தவரை அவள் படம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். பதினைந்து தடவை கொடுத்ததில் இரண்டு முறை சுவரில் மாட்டினார்கள். ஆன்லைன் வந்த பிறகு கொடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

"என் படத்த நேர்ல பாத்தே பாதிப் பேருக்குப் புரியல. இதுல போட்டோவப் பாத்து என்னத்தப் புரிஞ்சுக்கப் போறான்?" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு பலகையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பலகை கதவில் முக்கால்வாசி அகலம் இருந்தது.

"இத நாலு பேர் பாக்கணும்டா," என்றாள். அக்கா தன் படத்தைப் பற்றி அவ்வளவு பேசியதே நான் கேட்டதில்லை.

போட்டோ எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. நேராக விளக்கு வைத்தால் பலகை கண்ணாடி மாதிரி பளபளத்து, கேமராவும் நானும் தெரிந்தோம். விளக்கைத் தள்ளி வைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஒருவழியாக எதிரொளி இல்லாமல் ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா, "சரி, பொய் சொல்லல. அது போதும்," என்றாள்.

பிறகு விண்ணப்பம். 'பெயர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை அடித்தேன். அடுத்த கட்டம் 'குடும்பப் பெயர்'. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கண்டிப்பாக நிரப்ப வேண்டும்.

"நமக்கு ஏதுடா குடும்பப் பேரு?"

"இனிஷியலப் போடறேன் இரு."

ஒற்றை எழுத்தைப் போட்டதும் கட்டம் சிவந்தது. குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம்.

"அதையே ரெண்டு தடவ போடு."

போட்டேன். 'சரியான குடும்பப் பெயரைத் தரவும்' என்றது.

"சரியில்லன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நம்ம குடும்பத்த அதுக்குத் தெரியுமா?"

கடைசியில் அப்பாவின் முழுப் பெயரையும் அடித்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட கையோடு திரையின் மேல் மூலையில், 'வணக்கம்' என்று போட்டு அப்பாவின் பெயரைக் காட்டியது. அப்பா காலமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. இருந்தவரை அக்காவின் ஒரு படத்தையாவது அவர் நின்று பார்த்ததில்லை.

"வாங்கப்பா," என்றாள் அக்கா திரையைப் பார்த்து. "இப்பவாவது வந்தீங்களே."

படத்தின் தலைப்பு என்று கேட்டது. அவள் தன் படங்களுக்கு எண்தான் கொடுப்பாள். இது நாற்பத்தொன்று. எண்ணாகப் போட்டேன், ஏற்கவில்லை. எழுத்தால் அடித்தேன், ஏற்றது. இதற்குள் மணி மூன்றே முக்கால்.

அடுத்து வந்ததுதான் வினை. 'உங்கள் படைப்பைப் பற்றிக் குறைந்தது நூறு சொற்களில் எழுதவும்.'

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே தட்டினாள். 'மெல்லிதாக ஒரு பூச்சு பூசுவேன். காய்ந்ததும் மறுபடி பூசுவேன்.' தட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏழு வார்த்தைதான் ஆயிருக்கு," என்றேன்.

"அவ்வளவுதானே விஷயம்?"

"நூறு வேணும்க்கா. நான் எழுதித் தரவா? மேகத்துக்கெல்லாம் நான்தான் எழுதிக் குடுத்தேன்."

நான் எழுதியதை அவள் வாய்விட்டுப் படித்தாள். "'இருளின் ஆழத்திலிருந்து ஒளி பிறக்கும் கணத்தை என் தூரிகை தேடி அலைகிறது...' யாருடா இவ?"

"எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க."

"எனக்கு அலையறதுக்கெல்லாம் நேரம் இல்ல. அழி."

அழித்தேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா? முதல் பூச்சு கருநீலம், இரண்டாம் பூச்சு பழுப்பு, மூன்றாம் பூச்சு கரும்பச்சை, நாலாவது மறுபடி கருநீலம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். எது எத்தனை நாள் காய்ந்தது என்பதையும் சேர்த்தாள். இருபத்திரண்டு பூச்சு. நூற்று நாலு சொற்கள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒரு சொல்லை வைத்தும் படம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படத்தை ஏற்றிவிட்டு, 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். போனுக்கு ஒரு எண் வரும், அதை இங்கே அடித்தால்தான் விண்ணப்பம் போகும் என்றது.

"யாரு நம்பர் குடுத்தே?" என்றேன்.

"உங்க மாமா நம்பர்தான். என்கிட்ட ஏது போன்?"

மாமா, அதாவது அக்காவின் கணவர், அந்த நேரத்தில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். அக்கா என் போனை வாங்கிக்கொண்டு வெளியே தெருவுக்குப் போனாள். உள்ளே சிக்னல் கிடைக்காது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "எடுங்களேன், எடுங்களேன்" என்று நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தாள்.

மணி நாலே முக்கால். நான் அறையில் தனியாக இருந்தேன். திரையில், நடுவர்கள் பார்க்கப்போகிற அளவில், படம் சின்னதாகத் தெரிந்தது. கறுப்புச் சதுரம். முதலில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படம் இன்னும் ஏறி முடியவில்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, இதுதான் படம்.

ஆயிரத்துச் சொச்சம் படங்களை ஒரே நாளில் பார்க்கப்போகிற மனிதன் இதைப் பார்த்தால் என்ன செய்வான்? ஏதோ கோளாறு என்று அடுத்ததற்குப் போய்விடுவான். அக்கா பலகையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து நின்ற நிற்பு கண்முன் வந்தது. கை தானாக மௌஸுக்குப் போனது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கருநீலம் லேசாக எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பச்சை வந்தது, குறுக்கே ஒரு பழுப்புக் கோடு வந்தது. இன்னும் கூட்டினேன். அந்தி நேரத்து ஏரி மாதிரி ஒன்று வந்து நின்றது. அழகாக இருந்தது. உள்ளே இருக்கிற வண்ணம்தானே, நான் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன்.

அக்கா ஓடி வந்தாள். "டாக்டரோட நர்ஸ் எடுத்துப் படிச்சா! ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒன்பது..." அடித்தேன். நாலு ஐம்பத்தேழுக்கு விண்ணப்பம் போனது.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. அப்பாவின் பெயரைப் போட்டு, 'அன்புள்ள' என்று தொடங்கி, உங்கள் படைப்பு தேர்வாகியிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம் என்றது. மாமா போனில், "உங்கப்பாவுக்கு இந்த வயசுல இப்படி ஒரு யோகமா!" என்று சிரித்தார்.

அக்கா அன்று மாலையே கடைக்கு வந்தாள். சுவரில் இருந்த மாதிரிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மெருகு போடாத வெளிர் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நான் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று சொன்னாள்:

"போட்டோலயே தெரிஞ்சிருக்கு பாத்தியா அவங்களுக்கு? நான்தான் இத்தன வருஷம் வீம்பு பிடிச்சிட்டேன் போல."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, "ஆமாக்கா," என்றேன்.

ஒப்படைக்கிற நாள். கண்காட்சிக் கூடத்தின் பின்வாசலில் நீள மேசை போட்டிருந்தார்கள். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், காலையிலிருந்து சாப்பிடாத முகம். வரிசையில் எங்களுக்கு முன்னால் மேகம் நின்றார். அவர் படம் கட்டைவிரல் இல்லாத போட்டோவோடு தேர்வாகியிருந்தது. அவர் நகர்ந்ததும் நாங்கள் போய்ப் படத்தை மேசைமேல் சாய்த்துப் போர்வையை எடுத்தோம்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"மேடம், வேற படத்தை மாத்திக் கொண்டுவந்துட்டீங்க போலிருக்கு."

"இல்லம்மா, இதுதான். நாற்பத்தொன்று."

"இதுல வேற மாதிரி இருக்கே."

டேப்லெட்டை எங்கள் பக்கம் திருப்பினாள். அந்தி ஏரி நீலமாக ஜொலித்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான்தாங்க கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன்," என்றேன் அந்தப் பெண்ணிடம். அக்காவிடம் சொல்ல தைரியம் இல்லை. "போட்டோல ரொம்ப இருட்டா விழுந்துச்சு. அதான்."

அந்தப் பெண் நல்லவள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "பரவால்ல சார், போட்டோன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். அளவு சரியா இருக்கு. நான் டிக் பண்ணிடறேன்."

"பண்ணாதீங்க," என்றாள் அக்கா.

"மேடம்?"

"அதுல இருக்கற படத்த நான் வரையல. அதத்தான் நடுவருங்க எடுத்திருக்காங்க. இத யாரும் எடுக்கல. நான் விலகிக்கறேன்."

"அக்கா, சும்மா இரு, அவங்களே சரிங்கறாங்க..."

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தப் பெண் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"விலகறதுக்கு இதுல வழி இல்லையே மேடம். படம் வரலன்னா 'வரவில்லை'ன்னு போடலாம்."

"நான்தான் வந்திருக்கேனே."

"அதான் பிரச்சனை. வந்த படத்துக்கு ரெண்டே பட்டன்தான் இருக்கு. ஒண்ணு 'ஏற்றுக்கொள்ளப்பட்டது', இன்னொண்ணு 'சேதமடைந்தது'. வேற எதுவும் அழுத்த முடியாது."

"பேப்பர்ல எழுதித் தரட்டுமா?"

"பேப்பர் வாங்கறதில்ல மேடம்."

அக்கா இப்போது என்னைப் பார்த்தாள்.

"சேதம்னே போடுங்க," என்றாள். "சேதம்தான் ஆயிருக்கு."

வேனில் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து திரும்பினோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வீட்டுத் தெரு திரும்புகிறபோது கேட்டாள்:

"முப்பது வருஷமா என் படத்துக்கெல்லாம் சட்டம் போடறே. உனக்கும் அது வெறும் இருட்டாத்தான் தெரிஞ்சுதா?"

நான் படத்தைச் சுற்றியிருந்த போர்வையைச் சரிசெய்தேன். அதுதான் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மாமாவும் நானும் படத்தை இறக்கினோம். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம். போன் பண்ணினால் மாமாதான் எடுப்பார். "இருக்கா, ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றா," என்பார் பாவம். ஒருநாள் கடைக்கே வந்தார், ஏதோ பழைய குடும்பப் போட்டோவுக்குச் சட்டம் போட வேண்டும் என்ற சாக்கில். "உங்க சண்டையில நான்தான் மாட்டிக்கிட்டேன். உன்கிட்ட பேச வேண்டியதையும் சேத்து என்கிட்டயே பேசறா. எனக்கு வெளிச்சம், நெழல், பூச்சு எல்லாம் இப்ப அத்துப்படி," என்றார். அவள் வேறு ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்திருக்கிறாள் என்பதையும் அவர்தான் சொன்னார். அது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. அந்தக் கடைக்காரன் மூலை சேர்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும்; இடைவெளியில் நாணயத்தையே சொருகலாம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக் கதவு சுவரில் மோதுகிற மாதிரி திறந்தது. அக்கா. கையில் மாமாவின் போன்.

"இத எடுக்க வை," என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

மெயிலைப் படித்தேன். 'அன்புள்ள' அப்பாவுக்குத்தான். கண்காட்சியின் இணையப் பக்கத்தில் பார்வையாளர்கள் அதிகம் விரும்பிய பத்துப் படங்களில் உங்களுடையது மூன்றாவது இடம் பெற்றிருக்கிறது, வாழ்த்துகள் என்றது. போய்ப் பார்த்தால், அந்த நீல ஏரி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கீழே 'நாற்பத்தொன்று', அப்பாவின் பெயர், அடைப்புக்குறிக்குள் 'சேதமடைந்தது'. அதற்குக் கீழே ஜனங்கள் கொட்டித் தீர்த்திருந்தார்கள். 'மனசுக்கு எவ்வளவு அமைதியா இருக்கு.' 'இவ்வளவு அருமையான படம் சேதமாயிடுச்சே, நெஞ்சு வலிக்குது.' 'ஐயா உங்கள் கைகளுக்கு முத்தம்.'

"அப்பா கைக்கு முத்தம் குடுக்கறாங்கடா," என்றாள் அக்கா. கோபத்தில் குரல் நடுங்கியது. நான் சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அவளும் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தை நீக்குவதற்கு எட்டு நாள் ஆனது. மெயில் அனுப்பினோம், உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானாக ஒரு பதில் வந்தது. மறுபடி அனுப்பினோம், அதே நன்றி. போன் செய்தால் பாட்டு ஓடியது. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் தொடர்பு அறுந்தது. நேரே அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர், இதையெல்லாம் ஆன்லைனில்தான் கேட்க வேண்டும் என்றார்.

"ஆன்லைன்ல கேட்டோம் சார்."

"என்ன பதில் வந்துச்சு?"

"நன்றின்னு வந்துச்சு."

"அப்ப கிடைச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வருகிற வழியில் அன்று மேசையில் இருந்த பெண் எதிரே வந்தாள். அக்காவைப் பார்த்ததும், "சேதம் மேடம்தானே?" என்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தனியாக ஒரு படத்தை நீக்க யாருக்கும் அனுமதி இல்லை, கணக்கையே மூடினால்தான் படமும் போகும் என்று எங்கே அழுத்த வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்தாள். கடைக்கு வந்து அழுத்தினோம். மறுநாள் மெயில் வந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லி, உங்கள் கணக்கு நிரந்தரமாக நீக்கப்பட்டது, உங்களோடு இருந்த காலத்துக்கு நன்றி என்றது.

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பாவ நீக்கிட்டாங்கடா," என்றாள். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

நான் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன், "வேன்ல கேட்டியே, அன்னிக்கு. எனக்கு உன் படம் எல்லாம் இருட்டாத்தான்க்கா தெரிஞ்சுது. சட்டம் போடறப்ப ஓரத்ததான் பாப்பேன். நடுவுல பாத்ததில்ல."

திட்டுவாள் என்று நினைத்தேன். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்றவன்கிட்ட எனக்குக் கோவம் கிடையாது. வகுப்புல பாதிப் பேர் அப்படித்தான். தெரிஞ்ச மாதிரி விடைய மட்டும் திருத்தி வெக்கறவன்கிட்டதான்."

இந்த வருடம் விண்ணப்பம் திறந்த முதல் நாளே வந்துவிட்டாள். அப்பா இல்லாததால் குடும்பப் பெயருக்கு மாமாவின் பெயரைப் போட்டோம். மாமாவுக்கு ஒரே பெருமை. படம் நாற்பத்துமூன்று. போட்டோ எடுக்க மூன்று நாள் ஆனது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அவள் பலகையையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்தப் பச்சை அதிகம்," "இப்ப ரொம்பக் கம்மி" என்று என் உயிரை எடுத்தாள். மௌஸை என்னைத் தொடவிடவில்லை. கடைசியில் நாங்கள் அனுப்பியது, அநியாயத்துக்கு உண்மையான ஒரு கறுப்புச் சதுரம். நூறு சொற்களுக்கு இருபத்தைந்து பூச்சுகளையும் வரிசையாக எழுதினாள்.

விண்ணப்பம் மூடி மூன்று வாரத்தில் மெயில் வந்தது. தேர்வாகவில்லை.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவ்வளவு பாடுபட்டது நான் அல்லவா? அக்கா நிதானமாகப் படித்தாள். எதிர்பார்க்காத மாதிரி அவள் முகம் தெளிந்தது.

"இந்தத் தடவ என் படத்ததான் வேணாம்னு சொல்லியிருக்காங்க," என்றாள். "அது வேற."

"இப்ப என்ன பண்றது இத?"

கடையைச் சுற்றிப் பார்த்தாள். கதவுக்கு நேர் எதிரே, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற சுவரில், நான் மாட்டி வைத்திருந்த மாதிரிச் சட்டங்களைக் கழற்றச் சொன்னாள். நாற்பத்துமூன்றை அங்கே மாட்டச் சொன்னாள். சட்டம் நான்தான் போட்டேன். மூலையில் காகிதம்கூட நுழையாது.

மாட்டி நாலு மாதம் ஆகிறது. தினமும் பார்க்கிறேன். நேரே நின்றால் எனக்கு இன்னும் இருட்டுதான். வேலை செய்துகொண்டே குறுக்கே போகும்போது, பக்கவாட்டில் எதுவோ அசைகிற மாதிரி இருக்கும். நின்று திரும்பினால் போய்விடும். சாயங்காலம் நாலு மணி வெளிச்சத்தில் சில நாள் அது போகாமல் நிற்கிறது. அக்காவிடம் சொன்னேன். "ம்," என்றாள். அவள் சொல்வதே அவ்வளவுதான்.

என் எரிச்சல் இப்போது வாடிக்கையாளர்கள்மேல் திரும்பியிருக்கிறது. மேகம் ஒருவர்தான் வந்தால் பத்து நிமிடம் அதன் முன்னால் நண்டு மாதிரி இப்படியும் அப்படியும் நகர்ந்துவிட்டுப் போகிறார். மற்றவர்கள் வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள். நேற்று ஒருவர், தன் பெண்ணின் பட்டமளிப்புப் போட்டோவோடு வந்தவர், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பெரிய டிவி வாங்கியிருக்கீங்க போல? ஏன் ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"டிவி இல்லீங்க, படம்," என்றேன். "போட்டோவ இங்க வெச்சுட்டு, அப்படியே நாலடி இந்தப் பக்கம் நடந்து வாங்க. என்னைப் பாக்காதீங்க, அதப் பாத்துக்கிட்டே வாங்க. அவசரம் இல்ல."